பொன்னாடை போர்த்திய பித்தளைக் கோதுகள்

நியூசிலாந்தில், தெற்கு ஒக்லாந்தின் தகனினியில் வீடு வாங்கிய தமிழர்கள் துப்பாக்கி ரவையைத் தாங்களே தயாரித்துக்கொள்ளவேண்டிய நிலை எப்படி வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. போன வருஷம் எல்லாரும் புளிச்ச மாவில் பாண் சுட்டார்கள். அதற்கு முந்தி கோழி வளர்த்தார்கள். இந்த வருஷம் மான் வேட்டை. கடையில் ரவை வாங்குகிறவன் ஆம்பிளையே இல்லை என்றாகிவிட்டது. சுட்டு முடிந்த பித்தளைக் கோதைப் பொறுக்கிவந்து, கராஜுக்குள் இருந்து திரும்ப வெடிமருந்து நிரப்பி, முனையில் ஈயச் சன்னம் செருகிச் சுடவேண்டும். அதுதான் கௌரவம்.

கௌரவம் என்று வந்தபிறகு கழகம் இல்லாமல் சரிவருமோ? தெற்கு ஒக்லாந்து தமிழ்ச் சூட்டுக் கழகம் உதயமானது. தலைவர் விநாயகமூர்த்தி, செயலாளர் சிறில், போசகர்கள், காப்பாளர்கள், ஆலோசகர்கள். சுடத்தான் ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்கச் சேர்ந்தவன் யசீகரன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, இவர்களோடு கோபித்துப் பிரிந்துபோன நியூ லின் கழகத்தோடு போட்டி. முதல் ஆளாகச் சுடுவது யசீகரன். இந்த நாட்டுக்கு வந்து மோட்டர்வேயில் வேலைக்குப் போய்வந்ததுதான் மிச்சம்; அவன் பெயர் ஒரு இடத்திலும் அடிபட்டதில்லை. இந்த ஒருநாள் நாலுபேர் பார்க்கச் சுடவேண்டும் என்று அவனுக்கு நெஞ்செல்லாம் ஆசை. அந்த ஆசையோடு கழகத்துக் கோதுப் பெட்டியைத் திறந்தான். கோதுகளின் கழுத்திலெல்லாம் மயிரிழையாய் வெடிப்பு.

ஓடிப்போய்த் தலைவரிடம் சொன்னான். “அண்ணை, கோதெல்லாம் வெடிச்சிருக்கு.”

“ரவை எண்டால் வெடிக்கத்தானே தம்பி வேணும்?”

“இல்லையண்ணை, கழுத்து வெடிச்சிருக்கு. ஒரே பித்தளையைக் கனதரம் சுட்டால் இறுகிப்போகும். இனி நிரப்பினால் சுடுற ஆளின்ரை முகத்துக்குத்தான் ஆபத்து. எறிஞ்சுபோட்டுப் புதுசு எடுப்பம்.”

“எறியிறதோ!” என்று சிறில் எழும்பிவிட்டார். “கழகம் தொடங்கின நாளிலை இருந்து உழைச்ச கோதுகள். கழக யாப்பு விதியின்படி ஆரம்பகால உறுப்பினரை அப்பிடி நீக்கேலாது.”

“கோது உறுப்பினரோ அண்ணை?”

“கூட்டத்துக்கு ஒழுங்கா வருகுதோ இல்லையோ?”

யசீகரன் யோசித்தான். வந்துகொண்டுதான் இருக்கின்றன. போசகர்களைவிட ஒழுங்காக.

உடனே உபகுழு கூடியது. வெடிப்புக்குக் காரணம் உடம்புச் சூடு என்று ஏகமனதாகக் கண்டுபிடித்தது. சனிக்கிழமை காலை கோதுகளுக்கு நல்லெண்ணெய் பூசி, சீயக்காய் தேய்த்து, முழுக வார்த்தார்கள். கோதுகள் பளபளத்தன. வெடிப்புகள் இன்னும் வடிவாகத் தெரிந்தன.

“சரி,” என்றார் தலைவர் கனத்த மனதோடு. “கௌரவமா ஓய்வு குடுப்பம்.”

போ என்று ஒருவரைச் சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. பொன்னாடை போர்த்துவார்கள். அன்று பின்னேரமே சேவை நலன் பாராட்டு விழா. கோதுகளுக்கு விரலளவில் சரிகைத் துணி சுற்றி, மேடையில் நிரையாக நிறுத்தினார்கள். தலைவர் பேசினார், அழுதார். கேட்டவர்களும் அழுதார்கள்.

“இப்பேர்ப்பட்டவையை நாங்கள் இழக்கலாமோ?” என்று தழுதழுத்தார் சிறில். “இன்னும் ரெண்டு வருஷம் சேவையை நீடிக்கவேணும்!”

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. தீர்மானம் நிறைவேறியது.

யசீகரன் துள்ளி எழும்பினான். “விசரே உங்களுக்கு! நாளைக்கு அதைப் போட்டுத் துவக்கைத் தோளிலை வைச்சுச் சுடப்போறவன் நான்!”

தலைவர் மெல்ல இறங்கிவந்து அவன் தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். “கோதுகளிலை இவ்வளவு அக்கறை உள்ள பிள்ளை வேறை ஆர்? இண்டு தொடக்கம் கோது நலன்புரி உபகுழுத் தலைவர் இவர்தான்.”

படம் எடுத்தார்கள். யசீகரன் இரண்டு தரம் சிரித்துக் கொடுத்தான்.

வீட்டில் மனைவி சோபனா கேட்டாள். “இஞ்சேருங்கோ, அப்ப நாளைக்கு என்னத்தை வைச்சுச் சுடப்போறியள்?”

“அதை நான் தனிய முடிவெடுக்கேலாது,” என்றான் அவன், பொன்னாடைச் சால்வையைக் கழற்றாமலே. “உபகுழு கூடவேணும்.”

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் முதலில் அவனைத்தான் கூப்பிட்டார்கள். யசீகரன் கம்பீரமாக எழும்பினான். கையில் துப்பாக்கி இல்லை, தோளில் அந்தச் சால்வைதான். கோதுகளின் சேவை, வெடிப்பு, முழுக்கு, உபகுழுவின் எதிர்காலத் திட்டங்கள் எல்லாவற்றையும் விளக்கி வெயில் சாயும்வரை பேசினான். ஒரு சூடும் நடக்கவில்லை.

நியூ லின் கழகத் தலைவர் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“தம்பி, அந்தச் சால்வை எந்தக் கடையிலை எடுத்தனீங்கள்?”