நான் அழித்த முறுக்குக் கடை

கணினியில் 'டெலீட்' அடித்தால் போனது போனதுதான் என்று நாற்பத்தெட்டு வயதுவரை நம்பியவன் நான். (கணினித் துறையில் இருபது வருட அனுபவம் வேறு.)

எங்கள் நிறுவனம் சிறு கடைகளின் ஆர்டர் தளங்களை நடத்துகிறது. ஒவ்வொரு தளமும் மேகக் கணினியில் ஆறு கன்டெய்னர்களில், அதாவது ஒரே மாதிரியான ஆறு நகல்களாக, ஓடும். அவற்றை ஓட்டும் கணினிக் கூட்டத்துக்குக் கிளஸ்டர் என்று பெயர்; பரிசோதனைக்கு ஒரு கிளஸ்டர், நிஜக் கடைகளுக்கு ஒன்று. கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடையில் மடிக்கணினியைத் திறந்து, கமலா அக்காவின் முறுக்குக் கடைத் தளத்தின் பரிசோதனைப் பிரதியை அழிக்கக் கட்டளை கொடுத்தேன். 'அழிக்கப்பட்டது' என்று ஆறு வரி வந்தது. அப்புறம்தான் கவனித்தேன், நான் நின்றது நிஜக் கிளஸ்டரில். வருடத்தின் பாதி ஆர்டர் அக்காவுக்கு அந்த வாரத்தில்தான் வரும்.

எங்கள் குழுத் தலைவி கவிதா போனை எடுக்கவில்லை. அக்காவின் கடைக்கே போய்க் காலில் விழுவதே மரியாதை என்று, ஆற்றிக் கொடுத்த தே தாரிக் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். பஃபலோ ரோட்டில் ஒரு செருப்பு விடைபெற்றது.

"அக்கா, உங்க கடைய அழிச்சிட்டேன்."

அக்கா நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். "கடை இருக்கே தம்பி. உங்க செருப்பத்தான் காணோம்."

கல்லாவில் இருந்த டேப்லெட் சிணுங்கியது. ஈசூனிலிருந்து பத்து பாக்கெட் தேன்குழல் ஆர்டர். நான் அதைப் பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். அப்போது கவிதா அழைத்தாள்.

"அண்ணே, மீட்டிங்ல இருந்தேன். அலர்ட் இப்பத்தான் பாத்தேன். லைவ்ல அடிச்சிட்டீங்களா?"

"ஆறும் போச்சும்மா. அக்கா கடைக்கே ஓடி வந்துட்டேன்."

"போனா என்ன லா? எப்பவும் ஆறு ஓடணும்னு எழுதி வச்சிருக்கேன். குறைஞ்சா கிளஸ்டரே புதுசா கொண்டு வந்துடும். நீங்க ஓடறதுக்கு முன்னாடி, எத்தனை ஓடுதுன்னு லிஸ்ட் எடுத்துப் பாத்திருக்கலாம்ல?"

என்னைப் போல் ஒருவன் வருவான் என்று முன்பே யோசித்து எழுதியிருக்கிறாள், பாதி வயதுக்காரி. திட்டவும் இல்லை. மறுநாள் என் திரையில் நிஜக் கிளஸ்டரின் வரி மட்டும் சிவப்பாக மாறியிருந்தது.

வீட்டில் இன்றும் முறுக்கு டப்பாவை நான் காலி செய்தால், "இருங்க, தானா ஆறு வரும்" என்பாள் மனைவி. வந்ததில்லை.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: தளம் நின்றது நாற்பது விநாடி. நான் ஓடியது ஒன்பது நிமிடம்.