என்.ஜி. அண்ணன் கார் மேட் வாங்கினார்

ஒரகடத்தில் செய்த சாமான் கடல் தாண்டிப் போகும், கண்டம் தாண்டிப் போகும். ஆனால் எங்கள் என்.ஜி. அண்ணனின் மேஜையைத் தாண்டுவதற்குள் அதற்கு உயிர் போய்விடும்.

கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. நான் ஸ்டோர்ஸில் இருந்தேன்; அவர் தரப் பரிசோதனையில் இருந்தார். சரியில்லாத பாகத்தின் மேல் ‘என்.ஜி.’ என்று அச்சடித்த சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவது அவருடைய வேலை. ‘நாட் குட்’ என்பதன் சுருக்கம் அது. கதவு ரப்பரில் தலைமுடி அகலத்துக்கு ஒரு கோடு விழுந்திருந்தால் போதும், ஒட்டிவிடுவார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டு அடிக்கிற கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கெல்லாம் அவர் என்.ஜி. அண்ணன்.

ஷிப்ட் முடிந்ததும் ஸ்டிக்கரை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போகிற ஆளாக இருந்திருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது. அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு கட்டு இருக்கும். ஒரு நாள் கேன்டீனில் வடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஓட்டை சென்டர்ல இல்ல” என்று சொல்லித் தட்டில் ஒன்றை ஒட்டினார். சமையற்காரர் கரண்டியோடு வெளியே வந்தார்.

“சார், இது வாய்ல போட்ற வடை. வண்டில மாட்ற வடை இல்ல.”

“ஓட்டை ஓரமா போயிடுச்சின்னா ஒரு பக்கம் வேகும், ஒரு பக்கம் வேகாது. புட்டுப் பாரு.”

சமையற்காரர் பிட்டுப் பார்த்தார். உள்ளே ஒரு பக்கம் மாவாகவே இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து கேன்டீன் வடை நன்றாக இருந்தது என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இந்த மாதிரி மனிதர்களிடம் இதுதான் பெரிய தொல்லை. முழுக்கத் தப்பாகவும் இருந்து தொலைக்க மாட்டார்கள்.

பிள்ளைப்பாக்கத்தில் அவருடைய வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்கா சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்பவர். பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் பாதி சீட்டில் ஒட்டிக்கொண்டு போய் வந்து அலுத்துப்போய், ஏழு வருடம் ஓடிய ஒரு சின்னச் சிவப்புக் காரை வாங்கினார். ஓட்டுவதும் அவர்தான். அண்ணனுக்கு ஓட்டத் தெரியாது. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்த முதல் நாளே, கற்றுக்கொடுப்பவரிடம் ‘நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் கோணம் சரியில்லை’ என்று சொல்லியிருக்கிறார்; அவர் வண்டியை நிறுத்தி அண்ணனை இறக்கிவிட்டுவிட்டார். வாழ்க்கையில் அவரை ஒருவர் ரிஜெக்ட் செய்தது அன்றைக்குத்தான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லா அக்கா சிரித்துக்கொண்டே ஒரு விஷயத்தைச் சொன்னார். ஒரகடம் ஜங்ஷனுக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி திடீரென்று நின்றிருக்கிறது. இவர் பிரேக்கை மிதித்தால் அது பாதிதான் இறங்கியிருக்கிறது. காலடியில் கிடந்த பழைய மேட் முன்னால் நகர்ந்து, சுருண்டு, பிரேக்குக்கு அடியில் போய் அடைத்துக்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தியபோது லாரிக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்ததாம்.

“லாரி பின்னாடி எழுதினுருந்தது அத்தனையும் படிச்சிட்டேன்பா” என்றார் அக்கா. நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து போய் காரிலிருந்த நாலு மேட்டையும் உருவி, நாலிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புது மேட் வாங்க ஸ்ரீபெரும்புதூர் புறப்பட்டோம். அக்கா ஓட்டினார். மாடியில் குடியிருக்கும் குற்றத்துக்காக நானும் பின்சீட்டில் இருந்தேன். அண்ணன் மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஒரு அளவுகோல், ஒரு பாட்டில் தண்ணீர், பழைய டிபன் டப்பாவில் வடக்குப்பட்டு ஏரிக்கரை மண், அப்புறம் அக்காவின் செருப்பு ஒரு ஜோடி.

முதல் கடைக்காரர் நல்ல மனிதர். “இது யுனிவர்சல் மேட் சார். எல்லா வண்டிக்கும் செட் ஆவும்” என்று விரித்துக் காட்டினார்.

“எல்லா வண்டிக்கும் செட் ஆவும்னா எந்த வண்டிக்கும் ஒழுங்கா செட் ஆவாதுன்னு அர்த்தம்” என்றார் அண்ணன்.

பிறகு மேட்டைக் காரில் விரித்து, தன் செருப்பைக் கழற்றிவிட்டு அக்காவின் செருப்பைப் போட்டுக்கொண்டார். அதில் அவருடைய பாதத்தில் முக்கால்வாசிதான் ஏறியது. குதிகால் வெளியே தொங்கியது. பூப்போட்ட அந்தச் செருப்போடு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, நின்றிருந்த வண்டியில் பிரேக்கை மிதிக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணினார். இருபது வருவதற்குள் எதிர் டீக்கடைக் கூட்டம் இங்கே வந்துவிட்டது.

“இன்னா சார், வண்டி ஸ்டார்ட் ஆவலியா? தள்ளணுமா?” என்று ஒருவர் கேட்டார்.

“வண்டி ஆஃப்ல கீது. மேட்டுதான் ஓடினு கீது” என்றார் அண்ணன். ஐம்பதாவது மிதியில் இறங்கி அளவுகோலை வைத்துப் பார்த்தார். மேட் இரண்டு விரல்கடை முன்னால் போயிருந்தது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்.

“சார், அத உரிச்சிட்டுப் போங்க. அடுத்த கஸ்டமர் பாத்தா இன்னா நெனைப்பாரு?” என்றார் கடைக்காரர்.

உரிக்கப் பார்த்தோம். வரவில்லை. அந்த ஸ்டிக்கரின் பசையைப் பரிசோதித்துத் தேர்வு செய்தவரும் அண்ணன்தான்.

இரண்டாவது ஞாயிறு, இரண்டாவது கடை. தோல் மாதிரி பளபளவென்று தைத்த மேட்டைக் கடை முதலாளியே எடுத்து வந்து, “இது செவன் டி சார்” என்றார்.

“நீளம், அகலம், உயரம். மூணு டி எனக்குத் தெரியும். மீதி நாலு டி எங்க கீது?”

“அது சும்மா பேரு சார்.”

“அப்ப அந்த நாலு டிய கழிச்சிட்டு மேட்ட காட்டு.”

முதலாளி மேட்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மூன்றாவது கடையில் நூடுல்ஸ் மேட். பிளாஸ்டிக் இழைகள் சுருள் சுருளாக, பார்ப்பதற்கு வெந்த சேமியா மாதிரி இருக்கும். அண்ணன் டிபன் டப்பாவைத் திறந்து ஏரிக்கரை மண்ணை அதன்மேல் கொட்டி, தண்ணீர் விட்டு மிதித்தார். பிறகு தலைகீழாகப் பிடித்துக் கொட்டினார். ஒரு பொட்டு மண்கூட வெளியே வரவில்லை. “போனது போனதுதான்” என்றார். அக்கா எட்டிப் பார்த்து, “இதுல கம்மல் வுழுந்தா அவ்ளோதான்” என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கணவனும் மனைவியும் ஒரே கருத்துக்கு வந்தார்கள்.

நான்காவது மேட்டைக் கடைக்காரர் எங்களை நம்பி வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். அண்ணன் அதை மொட்டை மாடியில் வெயிலில் காயப்போட்டு, அரை மணிக்கு ஒருமுறை குனிந்து மோந்து பார்த்தார். எதிர்வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டு, “உங்க அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று கவலையோடு விசாரித்தார். மேட்டில் நாற்றம் வந்ததால் அதுவும் திரும்பிப் போனது.

இப்படியே இரண்டு மாதம் போனது. எங்கள் சிவப்புக் கார் தூரத்தில் தெரிந்தாலே சில கடைகளில் ஷட்டர் பாதி இறங்கும். ஒரு கடையில் முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். மேஜைக்கு அடியில் இருந்த முதலாளி அப்போது தும்மினார்.

இதற்குள் மழை வந்துவிட்டது. மேட் இல்லாத கார்; அடியில் இருந்த கார்பெட் ஊறி, உள்ளே ஏறினால் ஈரச் சாக்கு வாடை அடித்தது. ஒரு நாள் காலை பிரேக்குக்குப் பக்கத்தில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. ஸ்டெல்லா அக்கா கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டு, தவளையை முறத்தில் வாரி வெளியே விட்டுவிட்டு, அண்ணன் எதிரில் வந்து நின்றார்.

“இந்த ஞாயித்துக்கெழம மேட்டு வரணும். வரலன்னா உங்கள கீழ படுக்க வெச்சி உங்க மேல கால வெச்சி ஓட்டினு போவேன்.”

அண்ணன் யோசித்தார். “நா நழுவ மாட்டேன்தான்” என்றார்.

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டார். வழக்கமாக எதையாவது தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும் கை, அன்று சும்மா கிடந்தது.

“ஏதாவது ஒண்ண வாங்கிருங்கண்ணே” என்றேன். “ஊர்ல எல்லாரும் இதத்தானே போட்டு ஓட்டுறாங்க.”

“ஊரு ஓட்டுது. அந்த ஒரு சாண் ஊருக்கு இல்ல தம்பி, அவளுக்கு” என்றார். “தெனம் அதே ஜங்ஷன்ல போறா. நா லைன்ல நின்னுகினு ரப்பரப் பாக்கறேன். கண்ணுக்கு ரப்பரா தெரியுது? லாரி பின்னாடி இன்னா எழுதினுருந்திச்சோ அதான் தெரியுது.”

நானும் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போகாத ஒரே ஒரு கடைதான் பாக்கி. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், பஞ்சர் கடைக்குப் பக்கத்தில், மல்லிகா என்ற அம்மா நடத்துவது. அவர் மேட் எதையும் எடுக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

“யாரு ஓட்றது? நீங்களா, அவங்களா?”

“அவங்க.”

“செருப்பா, ஷூவா? செருப்புல ஹீல் கீதா?”

அண்ணன் வாயைத் திறந்தபடி மஞ்சள் பையிலிருந்து செருப்பை எடுத்து நீட்டினார். இரண்டு மாதத்தில் அவரிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அந்த அம்மாதான். அவர் செருப்பின் அடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு கார் கதவைத் திறந்து, டிரைவர் சீட்டுக்கு முன்னால் கையை விட்டு, கார்பெட்டில் துழாவினார்.

“சார், இங்க வாங்க. விரல வைங்க. இன்னா தெரியுது?”

“ஏதோ குத்துது.”

“கொக்கி. மேட்டு நகராம புடிக்கறதுக்கு வண்டி செய்யசொல்லவே கொக்கி வெச்சிருப்பாங்க. இது ஒடஞ்சி கீது. முன்னாடி வெச்சினுருந்தவங்க ஒடச்சிருப்பாங்க. கொக்கி இல்லாம தங்கத்துல மேட்டு போட்டாலும் ஓடும்.”

அண்ணன் எழுந்திருக்கவில்லை. முட்டி போட்டபடியே இருந்தார். கடை கடையாக ஏறி மேட்டை அளந்தார், மிதித்தார், நனைத்தார், மோந்தார். தரையைத் தடவிப் பார்க்கவில்லை. பாகத்தைப் பார்த்தவர், அது உட்காரும் இடத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்தார். மல்லிகா அம்மா தன் கடை மேட்டுக்குத்தான் என்று நினைத்து, வாசலில் தொங்கியதைக் கையால் மறைத்தார். அண்ணன் அதைத் தன் சட்டையிலேயே, நெஞ்சுக்கு நேராக ஒட்டிக்கொண்டார்.

“அய்ய, புதுச் சட்ட” என்றார் அக்கா.

மல்லிகா அம்மா புதுக் கொக்கி மாட்டினார். சாதாரணக் கறுப்பு ரப்பர் மேட் ஒன்றை எடுத்து, பெடலில் படாத அளவுக்கு வெட்டி, கொக்கிக்கு நேராக ஓட்டை போட்டு, அதில் வளையம் அடித்துப் பொருத்தினார். அண்ணன் அக்காவின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறினார். ஐம்பது மிதித்தார். இறங்கி அளந்தார். மறுபடி ஏறி நூறு மிதித்தார். பஞ்சர் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்து எண்ணினார். மேட் நூல் அளவும் நகரவில்லை.

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். அவருடைய கை சட்டைப் பைக்குள் போனது. துழாவியது. பேண்ட் பைக்குப் போனது. மஞ்சள் பையையும் கவிழ்த்துப் பார்த்தார். எங்கள் கம்பெனியில் நல்ல பாகத்துக்கு ஒட்டப் பச்சை ஸ்டிக்கரும் உண்டு. அது அவரிடம் ஒன்றுகூட இல்லை. இத்தனை வருடத்தில் அதை வெளியே எடுத்துவரும் அவசியம் அவருக்கு ஏற்பட்டதே இல்லை.

“வாயாலயே சொல்லுங்க சார், போதும்” என்றார் மல்லிகா அம்மா.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஓகே” என்றார். குரல் லேசாகக் கீச்சென்று வந்தது.

ஸ்டெல்லா அக்கா காரைச் சுற்றிக்கொண்டு வந்து, “இன்னொரு வாட்டி சொல்லுங்க” என்றார். “கல்யாணத்துக்கு என்னப் பாக்க வந்தப்பகூட ‘பாக்கலாம்’னுதான சொன்னீங்க.”

திரும்பி வரும்போது அக்கா ஒரகடம் ஜங்ஷனில் வேண்டுமென்றே ஒருமுறை அழுத்திப் பிரேக் போட்டார். வண்டி நின்றது. பின்சீட்டிலிருந்த நான் முன்சீட்டில் போய் முட்டிக்கொண்டேன். என்னைப் பற்றி இருவரும் கவலைப்படவில்லை. சட்டையில் சிவப்பு ஸ்டிக்கரோடு அண்ணன் வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவ்வளவு நிம்மதியாக அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பிறகு எனக்குக் கல்யாணமாகி, மறைமலைநகர் பக்கம் வீடு மாறினேன். போன ஐப்பசியில் நானும் ஒரு பழைய கார் வாங்கினேன். என்.ஜி. அண்ணனிடம் மட்டும் சொல்ல வேண்டாமென்று கம்பெனியில் எல்லோரிடமும் கெஞ்சி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால், பார்க்கிங்கில் என் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

“சாவி” என்று கையை நீட்டினார்.

கொடுத்தேன். கதவைத் திறந்து, தலையையும் தோளையும் உள்ளே விட்டு, முட்டி போட்டார். இடுப்புக்குக் கீழே உள்ளது மட்டும் வெளியே இருந்தது. தூறல் ஆரம்பித்தது. கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவர் ஏற வேண்டிய பஸ் அது.

“அண்ணே, பஸ் கெளம்புது.”

“போவட்டும். ஒரு கொக்கி கெட்டியா கீது. இன்னொண்ணு லேசா ஆடுது” என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது. “உன் பொஞ்சாதியும் இதுல வருவால்ல? நேரம் ஆவும். நீ போய் டீ சாப்ட்டு வா.”

நான் டீ சாப்பிடப் போகவில்லை. குடையை விரித்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய கால்கள் நனையாதபடி பிடித்துக்கொண்டு நின்றேன்.