அவள் பக்கத்துக் கதவு

கண் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு வாத்தியார் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் மனைவியைக் காணோம். வாசலுக்கு ஓடி வந்தால், நேற்று வாங்கிய சின்னக் காருக்குள் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் இறங்கலையா? கதவைத் திறந்துட்டு வரவேண்டியதுதானே?"

"ம்."

"இது பழைய கார் இல்லம்மா. உள்ளேருந்தே திறக்கும்."

சொன்னதோடு விட்டிருக்கலாம். செய்து காட்டினால்தான் வாத்தியாருக்குப் பாடம் முடியும். சாவியிலிருந்த பொத்தான்களில் ஒன்றை அமுக்கினார். கார் பூட்டிக்கொண்டது. உள்ளே அவள் பதறி அசைய, ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தவும் தொடங்கியது. கண்ணில் கட்டுப் போட்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

அன்று மாலை அவள் பக்கத்துக் கைப்பிடிக்கு மேலே சிவப்பு அம்புக்குறி ஒட்டி, 'இழு' என்று கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தார். மறுநாள் கடைக்கு அவரோடு காரில் போனவள், காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீடு திரும்பினாள்.

புதுக் காரின் அருமை அவளுக்குப் புரியவில்லை என்று முடிவுகட்டிய வாத்தியார், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் விளக்க ஆரம்பித்தார்.

"பழசை நினைச்சுப் பாரு. கிளம்பணும்னா தெருவே வந்து தள்ளணும். மழை பெஞ்சா உள்ளே குடை பிடிக்கணும். இது சின்னதா இருந்தாலும் சமர்த்து. எந்தச் சந்துலயும் திரும்பும். முக்கியமா உன் பக்கத்துக் கதவு! பழசுல ஒவ்வொரு தடவையும் நான் இறங்கி, சுத்தி வந்து திறந்துவிடணும். என் முட்டி தேஞ்சதுதான் மிச்சம்!"

"உங்களுக்கு அவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அவளுக்கு பஸ்தான்.

ஒரு வாரம் தாங்கினார். முப்பது வருஷமாக "மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க" என்று நச்சரித்த குரல் இல்லாமல் கார் ஓட்ட அவருக்குக் கையே வரவில்லை. பழைய கார்தான் அவளுக்கு வேண்டுமென்றால் அதுவே வரட்டும் என்று, அதற்கு ஆயுள் முழுக்க வைத்தியம் பார்த்த மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனார். விற்பதற்காக விட்ட கார் அங்கேயே தூசியோடு நின்றது.

"இதை நானே எடுத்துக்கறேன்ப்பா. புதுசை வித்துக் கொடுத்துடு."

"நல்லா யோசிச்சீங்களா சார்? நடுரோட்டுல படுத்துக்குமே!"

"படுத்தா படுக்கட்டும். அவ என் பக்கத்துல உட்காரணும், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. அவ பக்கத்துக் கதவை மட்டும் உள்ளேருந்து திறக்கிற மாதிரி பண்ணிக் கொடு. பாவம், நான் வந்து திறக்கிற வரைக்கும் இத்தனை வருஷமா காத்துக்கிட்டே இருந்திருக்கா."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"அதைச் சரிபண்ணிப் பதினெட்டு வருஷமாச்சு சார். அம்மாதான் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."