பரீதாவின் தயிர் உறையவில்லை

மாட்டு டொக்டர் சிவகுருநாதன் பசுவின் மடியை அழுத்திப் பார்த்தார். வீக்கம் இறங்கவில்லை. புஷ்பவதி பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அசையாத என்ர ராசாத்தி" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

"காலமையில ஊசி போட்டனீங்களோ?"

"ஓம் டொக்டர், போட்டனான்," என்றான் அவள் புருஷன் தவராசா.

கரையோர வீதியில் ஆமிக்காரரின் சோதனைச் சென்றிகள் பெருகியபின் டொக்டரால் உப்புவெளிக்குப் பின்னேரத்தில்தான் வரமுடிந்தது. அதனால் தவராசாவுக்கு ஊசி போடப் பழக்கி, மருந்தையும் கொடுத்திருந்தார். புஷ்பவதி விடிந்ததும் தையல் வேலைக்கு டவுன் பஸ் ஏறிவிடுவாள்.

"பெனிசிலினுக்குக் கேக்காத கிருமி," என்றார் டொக்டர். பாடம் நடத்துவதென்றால் அவருக்குப் பசிகூடத் தெரியாது. "கிருமியைச் சுத்தி ஒரு மதில் இருக்கு, தவராசா. பெருகேக்க அதைக் கட்டிக் கட்டித்தான் பெருகும். பெனிசிலின் கட்டவிடாது. மதில் இல்லாட்டி வெடிச்சுச் சாகும். ஆனா சில கிருமி மருந்தையே வெட்டிப்போடும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"வேற இன மருந்து. ரெற்றாசைக்கிளின். இது கொல்லாது. கிருமியின்ர பட்டறையைப் பூட்டிப்போடும். பெருக ஏலாது. மிச்சத்தை மாட்டின்ர உடம்பு பாத்துக்கொள்ளும்."

"ரெண்டையும் சேத்துப் போட்டா கெதியா மாறாதோ?"

"ஐயோ, கூடாது! ஒண்டு மதில் கட்டுற மேசனைப் பிடிக்கப் போகுது. மற்றது மேசனுக்கு லீவு குடுக்குது. போனவர் ஆரைப் பிடிக்கிறது?"

தவராசா பயபக்தியோடு புதுப் போத்தலை வாங்கிக்கொண்டான். பாலை ஒருவரும் குடிக்கக்கூடாது என்றார் டொக்டர். புஷ்பவதி அதைக் குழி தோண்டி ஊற்றினாள்.

அடுத்த தடவை அவர் வந்தபோது வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுப் பரீதா கூப்பிட்டாள். அவளுடைய தயிர் நிலாவெளி வரைக்கும் பேர்பெற்றது.

"டொக்டர், எங்கட மாட்டுப் பால் உறையுதில்ல. சட்டியில தண்ணியா நிக்குது."

"உறைமோரைக் கூட்டிப் பாருங்கோ."

கூட்டினாள். புளித்த தண்ணீர்தான் மிஞ்சியது. சட்டியை மாற்றச் சொன்னார். மாற்றினாள். நிலாவெளியிலிருந்து புது உறைமோர் எடுப்பிக்கச் சொன்னார். சென்றியில் ஒரு சிப்பாய் அந்தச் சட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்துத்தான் விட்டான். அந்தத் தயிரும் உறையவில்லை.

இந்தப் பக்கத்தில் வீக்கமும் இறங்கவில்லை.

டொக்டர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். ஸ்ட்ரெப்டோமைசின். அடுத்த கப்பல் வரும்வரை இனி மருந்து இல்லை. "இது பட்டறையைப் பூட்டாது. உள்ளுக்குப் போய்ப் பிழையாச் செய்யவைக்கும். கோணல் சாமானாலேயே கிருமி சாகும்." தவராசாவிடம் கொஞ்சத்தைக் கொடுத்து, ஒரு போத்தலைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சைக்கிளில் திரும்பும்போது அவருக்குப் பளிச்சென்று பிடிபட்டது. தயிரை உறையவைப்பதும் கிருமிதானே! மருந்து கலந்த பாலில் அது எப்படிப் பிழைக்கும்? பாதி வழியில் திரும்பிவந்து வேலியோரம் நின்று கேட்டார்.

"பரீதா, புஷ்பவதியிட்டப் பால் வாங்கிறீங்களோ?"

அதோடு வந்தது வினை.

"நோய்ப் பாலை நான் விக்கிறனோ?" என்று புஷ்பவதி கத்தினாள்.

"நான் மத்தவங்கட பாலைக் கலக்கிறன் என்கிறாரோ?" என்று பரீதா கத்தினாள்.

ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிய இருவரும் முகம் பார்ப்பதை நிறுத்தினார்கள். பரீதா வீட்டு வட்டிலப்பம் வேலி தாண்டவில்லை. புஷ்பவதி வீட்டு மோதகம் தட்டோடு திரும்பிவந்தது.

டொக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மருந்தும் தோற்று, இரண்டு குடும்பத்தையும் பிரித்தாகிவிட்டது. ஒருநாள் விடியலிலேயே சென்றியில் மன்றாடி அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். "இண்டைக்கு நானே போடுறன்."

புஷ்பவதி வேலைக்குப் போய்விட்டாள். டொக்டர் குனிந்ததுதான் தாமதம், பசு ஓர் உதை விட்டது. மருந்துப் பை வேலிக்கு மேலால் பறந்தது. இரண்டாவது உதையில் டொக்டர் சாணத்தில் இருந்தார். சத்தம் கேட்டுப் பரீதாவும் மருமகள் றஹ்மாவும் ஓடிவந்தார்கள். நாலு பேருமாகக் காலைக் கட்டி, சட்டைப் பையில் தப்பியிருந்த போத்தலை உடைத்து, ஒருவாறு ஊசியைப் போட்டார்கள்.

டொக்டர் மூச்சு வாங்கியபடி தவராசாவைப் பார்த்தார். அவருக்கு அவன்மேல் புது மரியாதை வந்திருந்தது.

"புஷ்பவதி இல்லாம இந்தப் பிசாசுக்குத் தனியா எப்பிடியப்பா ஒவ்வொருநாளும் ஊசி போட்டனீங்கள்?"

தவராசா பசுவின் கால் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.

றஹ்மாதான் சொன்னாள்: "இதுக்கு எங்க போட்டவர், டொக்டர்? போடாம போட்டனான் எண்டு உங்களுக்குப் பொய் சொல்ல ஏலாதாம். மாமிக்குத் தெரியாம, உதைக்காத எங்கட மாட்டுக்கெல்லோ ஒவ்வொருநாளும் போட்டவர்!"