சம்பந்தி அவர்களுக்கு, கழுத்து விஷயமாக

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, பெண்ணைக் கொடுத்தவன் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் சுகம்தானே? நாங்களும் இங்கே சுகம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்காக எழுதிவிட்டேன். நடப்பு வேறு மாதிரி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தாங்கள் போன் செய்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க பொண்ணைக் கொண்டுவந்து விடுங்க. இல்லைன்னா அங்கயே வெச்சுக்கங்க" என்று சொன்னீர்கள். நானும் "ஆகட்டுங்க சம்பந்தி, ஆகட்டுங்க" என்றேன். போனை வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினேன். உடம்பு திரும்பியது, கழுத்து கூட வரவில்லை. முகம் இடது தோள் பக்கமாகப் போய் அப்படியே நின்றுவிட்டது. "ஏங்க, நான் இங்க நிக்கறேன், நீங்க சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. யாரு போன்ல?" என்று கேட்டாள். "சம்பந்தி. சும்மா நலம் விசாரிச்சாரு" என்று சுவரிடமே சொன்னேன். மகள் உள்ளறையில் இருந்தாள். அவள் காதில் அது விழவேண்டாம் என்று நினைத்தேன்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்குக் கழுத்துதான் பிழைப்பு. ஓட்டுகிறவர் எனக்கு வலது பக்கம், நான் பார்ப்பதோ இடது பக்கம். திங்கட்கிழமை வந்தவர் அழகு நிலையம் நடத்தும் அம்மா. கொஞ்ச தூரம் போனதும், "மாஸ்டர், என் மேல ஏதாவது கோவமா? மூஞ்சியத் திருப்பிக்கிட்டே வர்றீங்க" என்றார். அதற்கு நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது வலது பக்கத்திலிருந்து ஒரு லாரி வந்திருக்கிறது; அது வந்த செய்தி எனக்கு அதன் ஹாரன் மூலமாகத்தான் தெரிந்தது. என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன், வண்டி நடுரோட்டில் நின்றது, அந்த அம்மா இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டிலும் போன் மணி அடித்தால் என் கால் தானாகப் பிரேக் போடுகிறது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் பிரேக் கிடையாது, என் மனைவியின் கால்தான் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் முதலாளி கூப்பிட்டு, "மாஸ்டர், லீவு போட்டுட்டுக் கழுத்தைப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் பாக்கற மாஸ்டரை வெச்சுக்கிட்டு நான் பாதி லைசென்ஸ்தான் வாங்கித் தர முடியும்" என்று அனுப்பிவிட்டார்.

எலும்பு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு "எலும்பெல்லாம் பிரமாதமா இருக்கே" என்றார். எனக்கு வலியைவிட வெட்கம் அதிகமாகிவிட்டது. இல்லாத வலியைச் சொல்லி ஊரை ஏமாற்றுகிறவன் மாதிரி வெளியே வந்தேன். சலூன்காரரிடம் போனேன். "ஒரே திருகு, பூ மாதிரி ஆயிடும்" என்று தலையைப் பிடித்துத் திருகினார். எழுந்த சத்தத்தில் பக்கத்து நாற்காலியில் பாதி ஷேவிங்கோடு இருந்தவர் துண்டோடு எழுந்து போய்விட்டார். கழுத்து மட்டும் போன இடத்திலிருந்து திரும்பி வரவில்லை. கடைசியாகப் புதன்கிழமை காலை பிசியோதெரபி செய்யும் அம்மா ஒருவரிடம் போனேன்.

அவர் என்னை உட்காரவைத்து, "இல்லைன்னு தலையாட்டுங்க பாக்கலாம்" என்றார். ஆட்ட முடியவில்லை. "சரின்னு ஆட்டுங்க" என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே ஆடிவிட்டது. நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. தோளில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு என் வேலையைப் பற்றிக் கேட்டார். லாரி கதையைச் சொன்னேன், தோள் கொஞ்சம் இளகியது. "வீட்ல யாரு யாரு இருக்காங்க?" என்றார். "மனைவி. அப்புறம் பொண்ணு. கல்யாணம் ஆயிடுச்சு, இப்ப வந்திருக்கா, வெள்ளிக்கிழமை கொண்டுபோய் விடணும்" என்றேன். உடனே என் கையைப் பிடித்து என் தோளிலேயே வைத்தார். "தொட்டுப் பாருங்க. நான் அமுக்கவே இல்ல." கருங்கல்லாக இருந்தது. "அடி விழப்போகுதுன்னு பயந்தா உடம்பு தோளைத் தூக்கிக் கழுத்தை இறுக்கிக்கும். பயம் போனா தானா விட்டுடும். உங்களுக்குப் பயம் போகல, அதனால அதுவும் புடிச்ச புடியை விடல. இது எக்ஸ்ரேல தெரியாது. தெரியலைங்கறதுக்காக வலி பொய்யின்னு ஆயிடாது."

இந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் ஆடிப்போனேன். தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என் மகளின் தாடை வலியும் ஸ்கேனில் தெரியவில்லை. தங்கள் வீட்டில் அதற்கு நாடகம் என்று பெயர் வைத்தீர்கள். தாங்கள் கணக்குத் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு தங்களுக்குத்தான், தணிக்கைக்கு இல்லை என்று நினைக்கிறேன். தினமும் இரவுச் சாப்பாட்டில் அடுப்பு ஏன் அவ்வளவு நேரம் எரிந்தது, மாடி வீட்டு அம்மாவிடம் என்ன பேச்சு, அம்மா வீட்டுக்கு எதற்குப் போன் என்று விசாரணை நடக்குமாம். மாப்பிள்ளை தட்டுக்குப் பக்கத்தில் செல்போனை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாராம். அவள் பதில் சொல்லச் சொல்லக் கேள்வி கூடியது. அதனால் சொல்வதை நிறுத்தினாள். பிறகு வாய் ஒரு ஸ்பூன் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. சம்பந்தியம்மா என் மனைவியிடம் போனில், "முன்னெல்லாம் பதிலுக்குப் பதில் பேசுவா. இப்ப வாயே திறக்கறதில்ல, தங்கமா இருக்கா" என்று பாராட்டினார்கள். நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

இங்கே வந்த பிறகு பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். வாயைத் திறக்கவைப்பதற்கே அவருக்கு வியர்த்துவிட்டது. "தூக்கத்துல பல்லைக் கடிக்குது. பகல்ல முழுங்கறதை எல்லாம் ராத்திரி மென்னுக்கிட்டு இருக்கு. கடைவாய்ப் பல்லு விரிசல் விட்டுருச்சு பாருங்க" என்றார். பாலில் ஊறவைத்த ரொட்டியைத்தான் கொடுத்துவந்தோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பின்னால் 'நறுக்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. "என்னம்மா அது?" என்றேன். "ஆப்பிள்ப்பா" என்றாள், வாய் நிறைய வைத்துக்கொண்டு. சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. என் மனைவி அங்கேயே நின்று அழுதிருக்கிறாள். நான் அந்தச் சத்தம் முடிகிறவரை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படி ஆப்பிள் கடித்த மகளிடம் புதன்கிழமை ராத்திரி தங்கள் போனைப் பற்றிச் சொன்னேன். எத்தனை நாள் மறைப்பது? அவள் "சரிப்பா" என்றாள். என் மனைவிதான், "நீங்க ஆகட்டும்னு சொல்லும்போது யாரைக் கேட்டுச் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு, நான் சொன்ன பதிலைக் கேட்க நிற்காமல் போய்விட்டாள். இன்று வியாழக்கிழமை காலையில் மகளுக்கு வாய் திறக்கவில்லை. திரும்பவும் ரொட்டி, பால்.

ஆனாலும் வாக்கு கொடுத்துவிட்டேன். நாளை மாலை அழைத்துவந்து விடுகிறேன். முதுகு உயரமான நாற்காலி ஒன்று எனக்காகப் போட்டுவைத்தால் உபகாரமாக இருக்கும். வலது பக்கமாக உட்காருகிறவர்களைப் பார்க்க முடியாது என்பதை அகௌரவமாக எண்ண வேண்டாம். அவளுக்கு இரவில் மெல்லுகிற பண்டம் எதுவும் வேண்டாம். விசாரணையை முதல் ஒரு வாரம் மட்டும் தள்ளிவைக்க முடியுமா என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். முடியாவிட்டாலும் பாதகமில்லை. தங்கள் குடும்பம் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் வணக்கம். அவள் சொல்லச் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை மாலை, கடிதத்தை நேரில் கொடுத்துவிடலாம் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். எனக்குக் கழுத்து திரும்பாததால் மகள்தான் ஓட்டினாள். பாதி வழியில் ஒரு சிக்னல். பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். "காலை எடுக்க முடியலப்பா" என்றாள், பல்லைத் திறக்காமல். இப்படி உறைந்துபோனவர்கள் எத்தனையோ பேரிடம் "ஒண்ணுமில்ல, பயப்படாம போ" என்று சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தை வரவில்லை. "வண்டியத் திருப்பும்மா" என்றேன். "எங்கப்பா?" "நம்ம வீட்டுக்கு." நடுரோட்டில், நான் யாருக்கும் கற்றுக்கொடுக்காத விதமாகத் திருப்பினாள். ஒரு பஸ் டிரைவர் எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினார்.

ஆகையால் மேலே வணக்கத்தைத் தவிர மற்றதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். கழுத்து சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை, பிசியோதெரபி அம்மா இன்னும் பல வாரம் வரச் சொல்லியிருக்கிறார். மகள் வரமாட்டாள். மாப்பிள்ளைக்கு அவளிடம் ஏதாவது பேச வேண்டுமானால், செல்போனை அங்கேயே வைத்துவிட்டு இங்கே வந்து பேசட்டும். பதில் சொல்வதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்வாள்.