பன்னிரண்டாயிரம் ரூபாய் மிக்கேல்

ஒரு கால்பந்து வீரனுக்கு என்ன விலை தகும் என்பதில், அவனை ஒருநாளும் நேரில் பார்க்காதவனுக்குத்தான் அசைக்க முடியாத கருத்து இருக்கும். எனக்கு இருந்தது. இருபத்தாறு வயதில், மேலப்பாளையம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி, ஐரோப்பாவில் எவனை எத்தனை கோடிக்கு வாங்கினார்கள், அதில் எத்தனை கோடி தண்டம் என்று தினமும் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தேன். (டைல்ஸ் கடையில் விற்பனையாளனாக நான் வாங்கிய சம்பளத்தில் அவர்களுடைய வலது கால் பூட்ஸைக்கூட வாங்க முடியாது.)

"வளைகுடாத் துட்டு வந்துதாம்வே ஆட்டமே நாசமாப் போச்சு" என்று ஒவ்வொரு நாளும் முடிப்பேன். அந்த ஆட்டங்களைப் பார்த்த செல்போனே ஷார்ஜாவிலிருந்து மச்சான் அனுப்பியது என்பது எனக்கு உறைத்ததில்லை.

மச்சான் என்றால் என் லாத்தாவின், அதாவது அக்காவின், கணவர். ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் காய்கறிப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெரு கால்பந்து அணிக்கு நான் செயலாளர். (ஆடத் தெரியாதவனுக்கு வேறு என்ன பதவி கொடுப்பார்கள்?) ஒருநாள் மச்சான் போன் செய்தார்.

"மாப்ள, நம்மூர்ப் போட்டில மூணு வருசமா மொத ரவுண்டுலயே தோக்குதிய. எனக்கு இங்கன வெளிய தலகாட்ட முடியல. ஒரு நல்ல ஆளா வெளியூர்ல வாங்குலே. பதினஞ்சாயிரம் வரைக்கும் நான் தாரேன்."

என் கொள்கைப்படி அந்த இடத்திலேயே மறுத்திருக்க வேண்டும். "சரி மச்சான்" என்ற சத்தம்தான் வெளியே வந்தது. எங்கள் அணிக்கும் ஒரு வளைகுடா முதலாளி கிடைத்துவிட்டார்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவன் மிக்கேல். உவரியில் படகில் மீன்பிடிக்கப் போகிற பையன். கடற்கரை மணலில் வெறுங்காலோடு அவன் ஆடியதை ஒருமுறை பார்த்திருந்தேன். அவனுடைய அணிக்குத் தலைவர் அமல்ராஜ் அண்ணாச்சி. மனிதர் மீன் ஏலம் விடுகிறவர் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

ஒரு படகின் மறைவில் பேச்சுவார்த்தை நடந்தது. "எட்டாயிரம்" என்றேன். அண்ணாச்சி கடலைப் பார்த்தார். "ஒன்பது" என்றேன். காதைச் சொறிந்தார். "பத்து." கூடையோடு வந்த ஒரு அம்மாவிடம் சாளை மீன் விலை விசாரித்தார். "பதினொண்ணு அண்ணாச்சி." அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"பன்னெண்டா குடுத்துருங்க தம்பி. ரவுண்டா இருக்கும்."

போட்டிக்கு வேறு ஆளே இல்லாத ஏலத்தில் மூவாயிரம் ரூபாயை நானே ஏற்றி, கடைசி ஆயிரத்துக்கும் தலையாட்டிவிட்டுக் கை குலுக்கினேன். சற்றுத் தள்ளி வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மிக்கேலிடம் அண்ணாச்சி, "ஞாயித்துக்கெழம மேலப்பாளையத்துல ஒரு ஆட்டமாம். போயிட்டு வாடே" என்று மட்டும் சொன்னார். அவன் என்னைப் பார்த்துச் சிரித்து, "வாரேன்ணே" என்றான்.

ஆட்டத்தன்று கூட்டத்துக்குக் குறைவில்லை. மைக்கில் வர்ணனை சொல்கிற சாகுலிடம் நானே போய் விலையைச் சொன்னேன். பெருமை, வேறென்ன. அவன் நாலு குழாய் ஒலிபெருக்கியிலும் முழங்கினான்: "இதோ வருகிறார், பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு உவரியிலிருந்து வாங்கப்பட்ட மிக்கேல்!" கைதட்டல் காதைப் பிளந்தது. ஒலிபெருக்கியில் கூறியது சரியாகக் காதில் விழாமல், மிக்கேல் தன் பெயருக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று கும்பிட்டான்.

கடல் மணலில் ஓடிய கால்களுக்கு எங்கள் கட்டாந்தரை ஒத்துவரவில்லை. நாங்கள் இரவல் கொடுத்த பூட்ஸ் வேறு ஒரு சைஸ் பெரிது. முதல் பந்து காலில் பட்டு வெளியே போனது. "பன்னெண்டாயிரம்!" என்று ஒரு குரல். இரண்டாவது பந்தும் போனது. "பன்னெண்டாயிரம்!" என்று பத்துக் குரல். என் பின்னால் ஒரு பெரியவர் சலித்துக்கொண்டார்: "அந்தத் துட்டுக்கு ஒரு கெடா வாங்கிருந்தா குர்பானிக்காவது ஆயிருக்கும்வே."

என் ஒரு கையில் செல்போன். அதில் வீடியோ காலில் மச்சான். "என்னலே மாப்ள, ஆளு நடக்குதான்?" என்று ஷார்ஜாவிலிருந்து கேள்வி.

ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, காலியாகக் கிடந்த கோல் கம்பத்துக்கு முன்னால் மிக்கேலுக்குப் பந்து கிடைத்தது. என் லாத்தா அடித்தால்கூட உள்ளே போயிருக்கும். அவன் அடித்தது கருவேலங்காட்டுக்குள் போய் விழுந்தது. மொத்தக் கூட்டமும் அந்தத் தொகையைச் சொல்லிக் கூவியது. அதில் நான் மட்டும் வித்தியாசமாக, கோட்டோரம் ஓடிப்போய், தொண்டை கிழியக் கத்தினேன்:

"வாங்குன துட்டுக்கு ஓடுலே!"

மிக்கேல் நின்றான். நேராக என்னிடம் வந்தான். நான் நின்ற இடம் சாகுலின் மேஜைக்குப் பக்கத்தில் என்பதை நான் கவனிக்கவில்லை. மைக் திறந்தே இருந்தது.

"எந்தத் துட்டுண்ணே?"

நாலு குழாயிலும் கேட்டது.

"எனக்கு யாரும் ஒரு ரூவா தரலியே. நீங்க ஆசையா கூப்பிட்டியன்னுதானே கடலுக்குப் போகாம வந்தேன்?"

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "அது… ஒங்க டீமுக்குக் குடுத்தது" என்றேன். அதுவும் நாலு குழாயிலும் போனது.

"டீமுக்கா?" என்றான். கொஞ்சம் யோசித்தான். "அப்ப நேத்து எங்க டீமுக்கு வந்த புதுப் பந்தும் கோல் வலையும் நாந்தானா?"

பத்து வருடமாக எத்தனையோ பேரைப் பார்த்து "இவனுக்கு இம்புட்டுக் கோடியா" என்று நான் வயிறெரிந்திருக்கிறேன். அந்தக் கோடி அவன் கைக்குப் போகிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

முதலில் குரல் கொடுத்தவர் கெடா பெரியவர்தான். "ஏலே, இவன் நடுவுல தின்னுட்டானோ என்னமோ!" என்று என்னைக் காட்டினார். அடுத்த நொடியே கூட்டத்துக்கு நான்தான் பன்னிரண்டாயிரம். செல்போனுக்குள்ளிருந்து மச்சானும், "மாப்ள, யாருகிட்டலே குடுத்த? ரசீது இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மிக்கேல் குனிந்து பூட்ஸைக் கழற்றினான். என் காலடியில் ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனான். மிச்சமிருந்த நேரம் முழுக்கப் பாதம் கிழிய ஓடினான். இப்போது எவரும் விலையைச் சொல்லவில்லை. "மிக்கேலு, மிக்கேலு" என்றுதான் கத்தினார்கள். ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஆனாலும் தோற்றோம். நாலாவது வருடமாக, முதல் ரவுண்டில்.

வீட்டுக்குக் கூட்டிப்போனேன். லாத்தா அவன் பாதங்களுக்கு மருந்து கொடுத்து, பிரியாணி போட்டு உட்கார வைத்தாள். "சாப்புடு தம்பி. இவன் சொன்னதெல்லாம் மனசுல வைக்காத. இவனுக்கு டைல்ஸ் விலையே ஒழுங்காத் தெரியாது" என்றாள். என் பணத்தில் இரண்டாயிரத்தை நீட்டினேன். அவன் ஐந்நூறை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"ஒருநாள் கடலுக்குப் போனா இவ்வளவுதான் கெடைக்கும்ணே" என்றான். பஸ் ஏறும்போது, கோபமே இல்லாமல் சொன்னான்: "அடுத்த தடவ வெலைய ஏங்கிட்டயே கேளுங்க."

அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

அதன் பிறகு டீக்கடையில் யாராவது ஒரு வீரனின் விலையைச் சொல்லிப் பல்லைக் கடித்தால், "அது அவனுக்குப் போறதில்லவே, அவன் இருந்த டீமுக்குப் போறது" என்பேன். எவனும் கேட்பதில்லை. நானும் இரண்டு தடவைக்கு மேல் சொல்வதில்லை. அலுப்பாக இருக்கிறது.

அடுத்த வருடம் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டதும், எனக்கு நாலு குழாய் ஒலிபெருக்கி காதில் இரைந்தது. "ஒண்ணும் வேண்டாம். எனக்கு ஒரு வெலையும் சொல்லிராதிய" என்று லாத்தாவிடம் கெஞ்சினேன். நிக்காஹுக்கு வந்திருந்த மச்சான் விடுவாரா? சாப்பாட்டுப் பந்தியில் எழுந்து நின்று, நடந்த கதை முழுவதையும் சொல்லி, "ஆக, எங்க மாப்பிள்ள ஒத்தப் பைசா இல்லாம, ஃப்ரீ ட்ரான்ஸ்ஃபர்ல வாரான்" என்று அறிவித்தார்.

'ஃப்ரீ ட்ரான்ஸ்ஃபர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. போன வாரம்கூட, கேஸ் சிலிண்டரை மாடிக்கு ஏற்றச் சொல்லி அரை மணி நேரமாகியும் நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. பக்கத்து வீட்டு மாமி என் மனைவியிடம், "என்னம்மா, ஒன் மாப்பிள்ள அசையமாட்டேங்காரு?" என்று கேட்டார்.

அவள் பெருமூச்சுவிட்டாள். "துட்டுக் குடுத்து வாங்கியிருந்தா ஏன்னு கேக்கலாம் மாமி. சும்மா வந்த ஆளு. என்னத்தச் சொல்ல?"