பதினெட்டு நிமிடக் காடு

இந்த வருசம் என்ன ஆனாலும் முந்நூற்றிநாலுக் கோப்பையை, தான் குடியிருக்கும் டென்மார்க் ஊரான இக்காஸ்ட்டுக்குக் கொண்டுவந்தே தீருவது என்று குலேந்திரன் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. எடுத்த இடம் குளியலறை. அந்த வீட்டில் அவர் எடுக்கிற முடிவை ஒருவரும் மறுத்துக் கதைக்காத இடம் அது ஒன்றுதான்.

முந்நூற்றிநாலு என்றால் சீட்டாட்டம். இரண்டிரண்டு பேராகக் கூட்டுச் சேர்ந்து ஆடுவது. பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் தமிழ்ச் சங்கம் வருசாவருசம் ஒக்ரோபர் லீவில் போட்டி வைக்கும். சனிக்கிழமை முதற்சுற்றுகள், ஞாயிறு பதினொரு மணிக்கு இறுதியாட்டம். குலேந்திரனின் கூட்டாளி தேவராசா அண்ணை. ஐந்து வருசமாக இருவரும் சேர்ந்து ஆடி, ஐந்து வருசமும் அரையிறுதியோடு பாயைச் சுருட்டியவர்கள். "தம்பி, இந்த முறையும் பிசகினால் நான் வேற ஆளைப் பாப்பன்" என்று அண்ணை போனில் சொல்லியும் விட்டார். அன்றிலிருந்து குலேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, இரண்டாம் தரம் போட்ட சோறுதான் இறங்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் வருசத்தின் நாற்பத்திரண்டாம் கிழமை வந்தது. டென்மார்க்கில் அந்தக் கிழமை பள்ளிக்கூட லீவு. பெற்ற தாய் தகப்பன் எல்லாரும் பிள்ளைகளுக்குச் சப்பாத்தை மாட்டி, காட்டுக்குள் இறக்கிவிடுகிற கிழமை. மனைவி அஜந்தினி வெங்காயம் உரித்தபடி தொடங்கினாள்.

"இஞ்சருங்கோ, சனிக்கிழமை பிள்ளையளைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவம்."

"காட்டுக்கோ? நாங்கள் என்ன வனவாசமோ போறது?"

"சாரங்கியின்ர வகுப்பில எல்லாரும் போகினம். லீவு முடிய ஒவ்வொருத்தரும் எங்க நடந்தனாங்கள் எண்டு எழும்பிச் சொல்ல வேணும். போன வருசம் உங்கட மகள் என்ன சொன்னவள் தெரியுமோ?"

"என்ன சொன்னவள்?"

"'அப்பா சோபாவில படுத்திருந்தவர், நாங்கள் அவரைச் சுத்தி நடந்தனாங்கள்' எண்டு."

குலேந்திரனுக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்த கணமே மூளையில் ஒரு பல்பு எரிந்தது. அந்த மூளையில் பல்பு எரிவது அபூர்வம். எரிந்தால் அதை அணைக்கவும் அவருக்குத் தெரியாது.

"நீர் வேலை செய்து களைச்சுப்போய் இருக்கிறீர் அஜந்தி. சனிக்கிழமை நீர் வீட்டில ஓய்வெடும். பிள்ளையளை நான் கூட்டிக்கொண்டு போறன். முழு நாளும்."

வெங்காயம் உரித்த கை நின்றுவிட்டது. கலியாணம் முடித்துப் பதினாலு வருசத்தில் அவர் தன்னைத் தவிர வேறு ஒருவருக்கும் ஓய்வு வேண்டும் என்று சொன்னதில்லை.

"நீங்களோ?"

"நான்தான்."

"நடந்தோ?"

"காட்டுக்குள்ள பின்னப் பறந்தோ போறது?"

"அப்ப சரி" என்றாள் அஜந்தினி. "நான் புட்டும் முட்டைப்பொரியலும் கட்டித்தாறன்."

அந்த முகத்தில் தெரிந்த சந்தோசத்தைப் பார்க்க அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நொந்தது. கோப்பையை நினைத்தார், நோவு போய்விட்டது.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கார் புறப்பட்டது. பின் இருக்கையில் பதினொரு வயசு சாரங்கியும் எட்டு வயசு துவாரகனும். பின்பெட்டிக்குள் மூன்று சாப்பாட்டுப் பெட்டி, பிள்ளைக்கு மூன்றாக ஆறு ஜக்கெட், இரண்டு கம்பளித் தொப்பி. நகரத்துக்கு வெளியே குளத்தடிக் காட்டில் காரை நிற்பாட்டினார்.

"இறங்குங்கோ. நீல ஜக்கெட்டைப் போடுங்கோ. அந்த மரத்தைப் பிடிச்சுக்கொண்டு சிரியுங்கோ."

ஒரு படம். அது ஒன்பது மணிப் படம்.

"இப்ப சிவப்பு ஜக்கெட். குளத்துக்குக் கிட்டப் போய் வாத்தைப் பாருங்கோ."

அது பதினொரு மணிப் படம்.

"ஏன் ஜக்கெட் மாத்துறம்?" என்று துவாரகன் டேனிஷில் கேட்டான்.

"வெயில் ஏறினால் மாத்த வேணும் ராசா."

"வெயில் ஏறேல்லையே" என்றாள் சாரங்கி. அவள் தாயைப் போல. கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவாள்.

தொப்பி போட்டு, விழுந்துகிடந்த மரத்தில் இருத்தி, களைத்த முகம் வைக்கச் சொல்லி எடுத்தது இரண்டு மணிப் படம். இலைக்குவியலைப் பிள்ளைகள் மேலே எறிய எடுத்தது மூன்று மணிப் படம். கடிகாரத்தைப் பார்த்தார். வந்து பதினெட்டு நிமிடம்.

"அம்மா கேட்டால் என்ன சொல்லுறது?" என்றாள் சாரங்கி.

"காட்டுக்குப் போனனாங்கள் எண்டு சொல்லு. போனனாங்கள்தானே."

ஒன்பதரைக்குக் குலேந்திரன் ஹேர்னிங் மண்டபத்தில் தேவராசா அண்ணைக்கு எதிரே இருந்தார். பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு மேடைக்குப் பின்னால் ஓடி விளையாடினார்கள். சமையற்கட்டில் அண்ணையின் மனைவி சுசீலாதேவி அக்கா ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றா. சீட்டு அன்றைக்கென்று குலேந்திரனைத் தேடித்தேடி வந்தது. ஆட்டத்துக்கு நடுவில் பதினொரு மணிக்கு ஒரு படம், இரண்டு மணிக்கு ஒரு படம் என்று மனைவிக்கு அனுப்பியபடியே இருந்தார்.

"தம்பி, போனை வைச்சிட்டுத் துரும்பைப் போடு."

"ஒரு நிமிசம் அண்ணை, நான் இப்ப குளத்தடியில நிக்கிறன்."

இதற்கிடையில் சுசீலாதேவி அக்கா பிள்ளைகளைக் கூப்பிட்டுப் புட்டைச் சாப்பிடவைத்து, பெட்டிகளை வாங்கிக் கழுவினது எதுவும் அவர் கண்ணில் படவில்லை. அரையிறுதியில் வென்றாயிற்று. இத்தனை வருசத்தில் முதல் தரம். அண்ணை எழும்பி வந்து கட்டிப்பிடித்தார். குலேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கும் பொய் தயாராக இருந்தது: அண்ணையின் காருக்குக் குளிர்கால ரயர் மாற்றப் போவது.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும், நாள் முழுக்க நடந்த மனிசனாக நொண்டியபடி சோபாவில் விழுந்தார். அஜந்தினி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். திரும்பி வந்து தேத்தண்ணியும் ஒரு தட்டும் வைத்தாள். தட்டு நிறைய ரோல்ஸ். குலேந்திரன் ஒன்று எடுத்தார். இன்னொன்று எடுத்தார்.

"எப்பிடி இருக்கு?"

"ரோல்ஸ் எண்டால் சுசீலாக்காதான். மண்டபத்தில சுடச்சுடச் சாப்பிடேக்க இன்னும்..."

மூன்றாவது ரோல்ஸ் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

"எந்த மண்டபத்தில?"

துவாரகன் கார்ட்டூன் சத்தத்தைக் குறைத்தான்.

"அவ ஆற்ற பெட்டியையும் வெறுமையாத் திருப்பிக் குடுக்கமாட்டா எண்டு உங்களுக்குத் தெரியாதோ? நான் கட்டினது புட்டு. திறந்தால் ஒன்பது ரோல்ஸ். காட்டில ரோல்ஸ் காய்க்குதோ?"

குலேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு சண்டைக்குக் காத்திருந்தார். சண்டை வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அது கிடக்கட்டும்" என்றாள் அஜந்தினி. "நீங்கள் அனுப்பின படங்களை ரண்டு மணிக்கே வகுப்புப் பெற்றோர் குழுவில போட்டிட்டன். சாரங்கியின்ர சிநேகிதி மெலினாவின்ர தாய், மெற்ற எண்டு ஒரு டேனிஷ் மனிசி இருக்கிறா எல்லோ? தனி ஆளா இவ்வளவு நேரம் பிள்ளையளை நடத்தின தகப்பனைத் தான் கண்டதில்லையாம். தாங்களும் உங்களோட வரப்போயினமாம். ஒன்பது குடும்பம். நாளைக்குக் காலமை பத்து மணி, அதே குளத்தடி. நீங்கள்தான் வழிகாட்டி."

"நாளைக்குப் பதினொண்டுக்குப் பைனல்!"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் காட்டில எல்லோ நிண்டனீங்கள்."

"எனக்குக் காய்ச்சல் எண்டு எழுதிவிடும்."

"எழுதலாம். இல்லாட்டி உண்மையை எழுதலாம். பதினெட்டு நிமிசத்தில எத்தினை ஜக்கெட் எண்டு. துவாரகன் குசினிக்குள்ள வந்து எல்லாம் சொல்லிப்போட்டான். சாரங்கி டேனிஷில வடிவா எழுதித் தருவாள்."

சாரங்கி அதற்குள் கிட்ட வந்து நின்றாள். "அப்பா, மெலினாவும் வாறாளாம். என்ர அப்பாதான் கூட்டிக்கொண்டு போறார் எண்டு எல்லாருக்கும் சொல்லிட்டன்." அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்துக்கு முன்னால் காய்ச்சல் வரவில்லை.

போனை எடுத்து அண்ணைக்கு அடித்தார். ஏச்சு வாங்க ஆயத்தமாக எழும்பி நின்றுகொண்டார்.

"அண்ணை, நாளைக்கு என்னால வரேலாமல் கிடக்கு."

"அப்பிடியோ? சரி தம்பி. பிள்ளையளைக் கவனமாப் பார்."

"கூட்டாளிக்கு என்ன செய்யிறது அண்ணை?"

"பதில் ஆள் விடலாம் எண்டு விதியில இருக்கு. ஆள் கிடைச்சிட்டுது."

"ஆர் அண்ணை?"

அண்ணை வைத்துவிட்டார். ஏசியிருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது.

ஞாயிறு காலை அவர் வாசலில் தயங்கி நின்று கேட்டார். "நீர் வரேல்லையோ?"

"நீங்கள்தானே ஓய்வெடுக்கச் சொன்னனீங்கள்" என்றாள் அஜந்தினி.

குளத்தடியில் பதினேழு பிள்ளைகள், பதின்மூன்று பெரியவர்கள், ஒரு நாய். எல்லாரும் குலேந்திரனின் வாயைப் பார்த்தபடி நின்றார்கள். அவருக்குத் தெரிந்த காடு முழுவதும் ஒரு மரம், ஒரு குளம், ஒரு விழுந்த மரம். மூன்றையும் ஐந்து நிமிடத்தில் காட்டி முடித்துவிட்டார். அதற்கு அங்கால் பாதை இரண்டாகப் பிரிந்தது.

"இனி எந்தப் பக்கம்?" என்று மெற்ற ஆவலாகக் கேட்டா.

குலேந்திரன் வானத்தைப் பார்த்தார். மண்ணை ஒருக்கால் காலால் கிளறினார். வழிகாட்டிகள் அப்படித்தான் செய்வார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

"மஞ்சள் அடிச்ச கட்டையளைப் பாத்துப் போங்கோ அப்பா" என்று சாரங்கி தமிழில் மெல்லச் சொன்னாள். "ஆறு கிலோமீற்றர். பலகையில போட்டிருக்கு."

"இந்தப் பக்கம்" என்று குலேந்திரன் டேனிஷில் கம்பீரமாக அறிவித்தார்.

பதினொரு மணிக்குப் போனைப் பார்த்தார். சிக்னல் இல்லை. இப்போது சீட்டுப் பிரிக்கிறார்கள், இப்போது ஏலம் மாதிரிக் கேள்வி கேட்கிறார்கள் என்று மனசு மண்டபத்திலேயே கிடந்தது. பிறகு ஒரு மேட்டில் ஏறும்போது துவாரகன் வந்து கையைப் பிடித்தான். பிடித்த கையை மேடு இறங்கின பிறகும் விடவில்லை. புங்கமரம் மாதிரி என்னவோ ஒரு மரம், மஞ்சள் இலையாய்க் கொட்டிக்கொண்டு நின்றது. ஒரு டேனிஷ் பெடியன் அந்த மரத்தின் பெயர் என்ன என்று கேட்க, "பெரிய மரம்" என்று குலேந்திரன் சொன்னார். பெடியனுக்கு அது போதுமாக இருந்தது.

நெருப்பு மூட்டும் இடத்தில் எல்லாரும் இருந்து, மாவைத் தடியில் சுற்றிச் சுட்டார்கள். டேனிஷ்காரரின் மாவில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. குலேந்திரன் கொண்டுபோன மாவுக்குள் அஜந்தினி வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப் போட்டுக் குழைத்திருந்தாள். முதலில் மெற்ற கேட்டா. பிறகு நாயைத் தவிர எல்லாரும் கேட்டார்கள். மெலினாவுக்கு மூக்கால் தண்ணி ஓடியது, ஆனால் இரண்டாவதும் கேட்டாள். சாரங்கி தகப்பனுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தாள். குலேந்திரனுக்குச் சந்தோசமாக இருந்தது. சந்தோசமாக இருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

வீட்டுக்கு வர நாலு மணி. அஜந்தினியைக் காணவில்லை. சேற்றுச் சப்பாத்தோடு வாசற்படியில் இருந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது தேவராசா அண்ணையின் கார் வந்து நின்றது. அஜந்தினி இறங்கினாள். பட்டுச்சேலை. இடுப்பில் பிள்ளையை வைத்திருக்கிறது போல ஒரு கோப்பை.

குலேந்திரன் கோப்பையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். திரும்பவும் கோப்பையைப் பார்த்தார்.

"உமக்கு முந்நூற்றிநாலு தெரியுமோ?"

"நாலு வருசமா வேலையில ஒவ்வொரு நாளும் விளையாடுறன். எங்கட முதியோர் இல்லத்தில மூண்டு கிழவியளுக்கு நான்தான் பழக்கினனான். தொண்ணூற்றொரு வயசில ஒண்டு இருக்கு, கேள்வி எண்டால் இருநூறுக்குக் கீழ இறங்காது. அதோட ஒப்பிட்டால் இண்டைக்கு வந்த ஆம்பிளையள் பச்சைப்பிள்ளையள்."

"ஒருநாளும் சொல்லேல்லையே."

"ஒருநாளும் கேக்கேல்லையே."

"எப்ப இந்த யோசனை வந்தது?"

"நீங்கள் என்னை ஓய்வெடுக்கச் சொன்ன உடனயே சுசீலாக்காவுக்குப் போன் பண்ணிட்டன். நல்ல புருசன் ஓய்வெடுக்கச் சொன்னால் சந்தோசம். நீங்கள் சொன்னால் எங்கயோ போட்டி நடக்குது எண்டு அர்த்தம். பதில் ஆள் எண்டு அண்டைக்கே பேர் குடுத்தாச்சு."

பிள்ளைகள் கோப்பையைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். குலேந்திரனுக்குக் கோபப்பட வேண்டும் என்று இருந்தது, ஆனால் ஆறு கிலோமீற்றர் நடந்த உடம்பில் கோபத்துக்குப் பலம் இல்லை. ஒன்றைமட்டும் அறிய வேண்டும் போலிருந்தது.

"அண்ணை என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

"சொன்னவரோவோ? பரிசு வாங்கேக்க மைக்கைப் பிடிச்சு முதல் உங்கட பேரைத்தான் சொன்னவர். இந்த வெற்றிக்குக் காரணமே குலேந்திரன்தான் எண்டு."

குலேந்திரன் நிமிர்ந்து இருந்தார். "எல்லாருக்கும் முன்னாலயோ?"

"ஓம். சனம் எழும்பி நிண்டு கைதட்டினது."

"நான் காரணம் எண்டால்... நான் என்ன செய்தது எண்டு சொன்னவர்?"

அஜந்தினி சேலையைச் சேறு படாமல் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

"இண்டைக்கு வராமல் விட்டது."